இரண்டாவது பந்துக்கு முன்னால்

இரணியல்
4-8-2025

என் மகளுக்கு மகளாய்ப் பிறந்த பிரீனாவுக்கு அம்மாச்சி சத்தியபாய் எழுதுவது.

ஆண்டவர் இந்த நேரம்வரை என்னை எழும்பி நடமாட வைத்திருக்கிறார். கால்முட்டு மட்டும் மழைக்கு முன்னாலேயே மழையைச் சொல்லுகு. உனக்கு ஹாஸ்டல் சோறு ஒத்துக்கிடுதா? உன் அம்மை லிஜி குவைத்தில இருந்து ஷைஜா போனில வீடியோ போட்டா. அவ வாய் அசையுது, நான் தலையாட்டுகேன். இந்தக் காதை வச்சுக்கிட்டு வேற என்ன செய்ய? அதுக்கு உன் கடிதாசி எவ்வளவோ கொள்ளாம்.

நேரே விசயத்துக்கு வாரேன். போன புதன்கிழமையும் சனிக்கிழமையும் பக்கத்து வீட்டு ஷைஜா டி.வி.யில உன் பாஸ்கெட்பால் ஆட்டம் பார்த்தேன். ரெண்டு ஆட்டத்திலயும் நீ காதை இழுக்கல.

நாலு வருசத்துக்கு முந்தி இந்த ஏற்பாட்டைச் சொன்னது யாரு? நானா? "அம்மாச்சி, போனில பேசினா உங்களுக்குக் கேக்காது. என்னை யாராவது இடிச்சு பவுல் ஆனா ரெண்டு பந்து ஃப்ரீயா எறியத் தருவாங்க. முதல் பந்து எறிஞ்ச பிறகு கேமரா என் மூஞ்சிக்கு வரும். அப்போ இடது காதை ஒரு தடவ இழுத்தா நான் சுகம். ரெண்டு தடவ இழுத்தா வீட்டுக்கு வரணும்போல இருக்குண்ணு அர்த்தம்" எண்ணு நீதான் சொன்ன. நாலு வருசத்தில ஒருக்காகூட ரெண்டு தடவ இழுத்ததில்ல. ஒரு தடவ இழுக்காம இருந்ததும் இல்ல. இப்போ என்ன வந்தது?

நான் ஸ்டேசனுக்கு வராததுக்குப் பகரம் வீட்டுதியா, பழிக்குப் பழியா? ஜூன் ஒன்பதாம் தேதி நீ பேக்கைத் தூக்கிட்டு இறங்கும்போது நான் கோழிக்கூட்டைக் கழுவிட்டு நிண்ணேன். ஏன் வரல? "தனியா இருக்காதீங்க, ஜெபமணி பாட்டி வீட்டில போய் இருங்க" எண்ணு நீ சொன்னியா இல்லியா? அந்தப் பேரை என் வீட்டுக்குள்ள எடுத்தது நீ. என் கூடப்பிறந்தவதான், இல்லண்ணு சொல்லல. ஆனா உன் தாத்தாவை அடக்கம் பண்ணின அண்ணு, 2003 மார்ச் பதினொண்ணு செவ்வாய்க்கிழமை, எல்லாரும் குழிக்குள்ள ஒரு பிடி மண்ணு போடும்போது, அவ மண்ணு போடாம அஞ்சுகிராமம் பஸ்ஸைப் பிடிக்க ஓடினா. அந்த பஸ்ஸு போனா வேற பஸ்ஸு இல்லியா? அவளுக்க மகள் ஸ்மைலின், இப்போ தக்கலையில கண்ணாஸ்பத்திரியில நர்ஸு, ஞாயிற்றுக்கிழமை சபை வாசலில என்னைப் பார்த்துச் சிரிச்சா. நான் மேலே மானத்தைப் பார்த்துட்டு வந்துட்டேன்.

பதில் எழுது. கொஞ்சம் பெருசா எழுது. உன் எழுத்து எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு.

ஜெபத்தில உன்னை விடாத
அம்மாச்சி


சென்னை
13-8-2025

அன்புள்ள அம்மாச்சிக்கு,

உங்க முட்டுக்குத் தைலம் போட்டீங்களா? எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. சாம்பாரில் மட்டும் தினமும் முள்ளங்கி.

கோபமெல்லாம் இல்லை அம்மாச்சி. நான் கோபப்பட்டால் உங்களுக்குத் தாங்குமா? ஒரு வீட்டுக்கு ஒரு கோபக்காரர் போதும்.

நடந்தது என்னவென்றால், எங்க லீக்கில் இந்த வருடம் விதியை மாற்றிவிட்டார்கள். ஆட்டம் இழுத்துக்கொண்டே போகிறது, பார்க்கிறவர்கள் எழுந்து போய்விடுகிறார்கள் என்று சொல்லி, வேகப்படுத்த ஒரு யோசனை. முன்பு பவுல் ஆனால் இரண்டு பந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. இப்போது ஒரே ஒரு பந்துதான். அது விழுந்தால் இரண்டு புள்ளி. விழாவிட்டால் ஒன்றுமில்லை. ஆட்டம் அப்படியே ஓடத் தொடங்கிவிடும்.

அதனால் இரண்டாவது பந்து என்பதே கிடையாது. இரண்டாவது பந்து இல்லையென்றால் நடுவில் நிற்கிற அந்த நேரமும் இல்லை. எறிகிறதுக்கு முன்னால் கேமரா என்னிடம் வராது. பவுல் எப்படி நடந்தது என்று திருப்பிக் காட்டிக்கொண்டிருப்பார்கள். அது முடிந்து திரும்பும்போது பந்து காற்றில் போய்க்கொண்டிருக்கும்.

காதை எங்கே வைத்து இழுக்க, நீங்களே சொல்லுங்க.

இந்தக் கடிதம் பெரிய எழுத்தில்தான் எழுதியிருக்கிறேன். மூன்று பக்கம் ஆகிவிட்டது. பக்கத்துக் கட்டிலில் இருக்கிற ஸ்டெனி, "யாருக்குடி போஸ்டர் எழுதுற?" என்று கேட்கிறாள். என்னைப்போலவே நெட்டை, என்னைப்போலவே சடை. என் டீமில்தான் ஆடுகிறாள்.

என்றும் உங்கள்
பிரீனா


இரணியல்
20-8-2025

பிரீனா மக்களுக்கு,

கர்த்தர் உன் கைகால்களைக் காக்கட்டும். நான் சுகமா இருக்கேன், ஆனா உன் கடிதாசி வாசிச்ச பிறகு சுகமா இல்ல.

ஒரு பந்து எறிஞ்சா ரெண்டுண்ணு எழுதுவானா? அண்டியாபீஸில முப்பத்தொரு வருசம் முந்திரிப்பருப்பு தோலுரிச்ச கை இது. ஒரு முழுப்பருப்பைத் தட்டில வச்சிட்டு ரெண்டுண்ணு எழுதுங்கண்ணு சொன்னா மேஸ்திரி தட்டோட என் தலையில கவுத்திருப்பான். உரிச்சது ஒண்ணுண்ணா ஒண்ணு. அதென்ன கணக்கு?

வேகமா முடிக்கணுமாம். முடிச்சிட்டு எல்லாரும் எங்க போறாவ? எனக்கு ஒரு அவசரமும் இல்ல. காலையில கோழிக்குத் தீனி போட்டா அடுத்த சோலி சாயங்காலம்தான்.

நீ எனக்குப் படிப்பில்லண்ணு நெனச்சு லேசாச் சொல்லிட்ட. எனக்கு உன் ஆட்டம் தெரியும். அயினி மரத்தில ரிங் அடிச்ச நாள்ல இருந்து நீ முதல் பந்தை விடுவ, ரெண்டாவது பந்தைப் போடுவ. எட்டாங்கிளாஸில தக்கலையில நடந்த ஆட்டத்தில ஆறு தடவ நிண்ண. ஆறு தடவயும் முதல் பந்து வெளியே, ரெண்டாவது உள்ளே. போன வருசம் பொங்கலுக்கு முந்தின ஆட்டத்தில ஒன்பது தடவ. அதில ஏழு தடவ அப்படித்தான். முதல் பந்து உனக்கு ரிங்கை விசாரிச்சிட்டு வாறதுக்கு. இப்போ விசாரிக்கவே விடாம எறியச் சொன்னா? அதைப் பற்றி ஒரு வரி எழுதல நீ.

அந்த லீக்கு ஆபீஸ் அட்ரஸ் அனுப்பு. நான் எழுதுகேன். ஷைஜா போனுக்கு அனுப்பாத. அவ வாசிச்சா புதுக்கடை வரைக்கும் தெரிஞ்சிரும்.

அதுவரைக்கும், பந்து கையில வந்த உடனே காதை இழு. கேமராக்காரன் வந்தா வாறான்.

அம்மாச்சி


சென்னை
2-9-2025

அன்புள்ள அம்மாச்சிக்கு,

மழை தொடங்கிவிட்டதா? முற்றத்தில் பாசி பிடித்திருக்கும், பார்த்து நடங்க. நான் நன்றாக இருக்கிறேன்.

நீங்க சொன்னபடி ஆகஸ்ட் 23 ஆட்டத்தில் பந்து கைக்கு வந்ததும் காதை இழுத்தேன். பார்த்தீங்களா? கோச் பார்த்துவிட்டார். "அங்கே நின்று கம்மல் சரிபண்ணுகிறாயா? எறி!" என்று கத்தினார். ஸ்டெனி விழுந்து விழுந்து சிரித்தாள்.

அட்ரஸ் வேண்டாம் அம்மாச்சி. அவர்கள் பெரிய ஆட்கள். ஒரு ஊர்ப் பாட்டி எழுதினால் விதி மாறுமா?

ஆனால் ஒரு விசயம் சொல்லணும். ஆட்டத்தின் கடைசி இரண்டு நிமிடத்துக்கு மட்டும் பழைய விதிதான். அப்போது பவுல் ஆனால் முன்பு போலவே இரண்டு பந்து. அதனால் ஆட்டம் முடிகிற நேரத்தில் டி.வி.யை விட்டு எழும்பாதீங்க.

ஆட்டம் நல்லா போகுது. கோச் திருப்தியாக இருக்கிறார். சீசன் முடிந்ததும் பதினான்கு பேரில் பத்துப் பேரை வைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்பிவிடுவார்கள். அதைப் பற்றி நீங்க கவலைப்பட வேண்டாம்.

உங்கள்
பிரீனா


இரணியல்
15-9-2025

லீக்கு செயலாளர் ஐயா அவர்களுக்கு, இரணியலிலிருந்து சத்தியபாய் எழுதிக்கொள்வது.

ஐயாவுக்கும் ஐயா வீட்டுக்காரங்களுக்கும் சமாதானம் உண்டாவதாக. நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். பிழை இருந்தால் பொறுக்கவும். உங்கள் அட்ரஸை என் பேத்தி தரவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் போனில் தேடி எடுத்தாள்.

என் பேத்தி பிரீனா உங்கள் லீக்கில் ஆடுகிறாள். மஞ்சள் உடுப்பு. நீங்கள் இரண்டு பந்தை ஒரு பந்தாகக் குறைத்தது கேள்விப்பட்டேன். ஆட்டம் சீக்கிரம் முடிய வேண்டும் என்கிறீர்களாம். ஐயா, அந்த ஆட்டத்தில் பத்துப் பேரும் ஓடுகிறார்கள். யார் யார் என்று எனக்குத் தெரிவதில்லை. என் பிள்ளை ஒரு இடத்தில் அசையாமல் நிற்பதே அந்த ஒரு நேரம்தான். முதல் பந்துக்கும் இரண்டாவது பந்துக்கும் நடுவில் அவள் முகம் டி.வி. நிறைய வரும். எனக்குக் காது கேட்காது. அவள் தன் காதைப் பிடித்து இழுத்து "நான் சுகம்" என்று எனக்குச் சொல்லுவாள். நாலு வருசமாக எங்களுக்குள் பேச்சு அவ்வளவுதான். அதைத்தான் நீங்கள் எடுத்துவிட்டீர்கள்.

இந்த மாதம் ஆறாம் தேதி ஆட்டத்தில் அவள் ஒரு பந்தை எறிந்துவிட்டு, ஓடும்போது காதைத் தொட்டுக்கொண்டே போனாள். நான் பார்த்தேன். ஓடிக்கொண்டே சொல்லுகிற விசயமா ஐயா அது?

ரெண்டு பந்துக்கும் சேர்த்து எவ்வளவு நேரம் ஆகும்? போன வருசம் ஷைஜா வீட்டுக் கடிகாரத்தைப் பார்த்து ஒருநாள் எண்ணினேன். முப்பது எண்ணுவதற்குள் முடிந்துவிட்டது. அந்த முப்பதைத் திருப்பித் தரவேண்டும். நான் மறக்கிற ஆள் இல்லை.

கீழ்ப்படிந்து கேட்கும்
ச. சத்தியபாய்


சென்னை
29-9-2025

மதிப்பிற்குரிய அம்மா சத்தியபாய் அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் நல்ல சுகத்தோடு இருக்க வேண்டுகிறேன். நானும் உங்கள் பக்கத்துப் புதுக்கடைக்காரன்தான். நம் ஊர் எழுத்தில் ஒரு கடிதம் இந்த ஆபீஸுக்கு வந்து எத்தனையோ காலம் ஆகிறது. இரண்டு முறை வாசித்தேன்.

விதி இந்த ஒரு வருடத்துக்கு முயற்சியாக வந்திருக்கிறது. நடுவில் மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை. சீசன் முடிந்ததும் கமிட்டி கூடும்போது தங்கள் கடிதத்தையும் வைக்கிறேன். இது வரைக்கும் ஆட்டக்காரர்கள் சொன்னார்கள், கோச்சுகள் சொன்னார்கள், டி.வி.க்காரர்கள் சொன்னார்கள். பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவர் எழுதியது இதுதான் முதல்.

ஒரு சிறு திருத்தம். தாங்கள் எழுதிய செப்டம்பர் 6 ஆட்டத்தில் ஃப்ரீ த்ரோ எறிந்தது ஒன்பதாம் எண் ஸ்டெனி. பிரீனா பதினொன்றாம் எண். ஆகஸ்ட் 30 முதல் அவர் எந்த ஆட்டத்திலும் களமிறங்கவில்லை, பெஞ்சில்தான் இருக்கிறார் என்பது தங்களுக்குத் தெரிந்திருக்கும். புது விதியில் ஒரே எறியில் பந்து விழவில்லை என்பதுதான் காரணம் என்று கோச் சொன்னார். திறமையான பெண். தளர வேண்டாம் என்று சொல்லுங்கள்.

தங்கள் கடிதத்தைப் பிரீனாவுக்கும் காட்டினேன். பெருமைப்படுவார் என்று நினைத்தேன். அவர் வாசித்து முடித்ததும் திருப்பித் தந்துவிட்டுப் போனார்.

அன்புடன்
யேசுதாசன், செயலாளர்


சென்னை
4-10-2025

அம்மாச்சிக்கு,

செயலாளர் சார் உங்க கடிதத்தைக் காட்டினார். அவர் உங்களுக்கு என்ன எழுதினார் என்றும் சொன்னார்.

ஆமாம். ஒரு மாதமாக நான் பெஞ்சில்தான் இருக்கிறேன். ஒரே பந்தில் எனக்கு விழவில்லை. பதினேழு எறிந்தேன், நான்கு விழுந்தது. முதல் பந்து விசாரிக்க என்று நீங்க எழுதினது சரிதான். விசாரித்துவிட்டு நிற்கும்போது காதை இழுப்பேன். உங்களுக்காக இழுக்கிறேன் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இழுத்தால்தான் எனக்குக் கை நிதானப்படும் என்பது அது போன பிறகுதான் தெரிந்தது. உங்களிடம் எழுத வெட்கமாக இருந்தது.

நான் பொய் எழுதினேன். சரி. ஆனால் நீங்க?

ஸ்டெனிக்கு வியர்வை. துடைத்தாள். அது நான் என்று எழுதியிருக்கிறீங்க. என் நடையை மாடிப்படியில் சத்தமில்லாமலே கண்டுபிடிக்கிற ஆள் நீங்க. என்னையும் ஸ்டெனியையும் மாற்றிப் பார்க்கிறீங்களா?

எப்போதிலிருந்து கண் தெரியவில்லை? கோபப்படாமல் எழுதுங்க.

பிரீனா


சென்னை
26-10-2025

அம்மாச்சிக்கு,

மூன்று வாரமாகிவிட்டது. தினமும் வார்டன் மேசையில் போய்ப் பார்க்கிறேன். ஷைஜா அக்காவுக்கு மெசேஜ் போட்டேன். "டி.வி. பார்க்க வாறது இல்ல. கேட்டா, டி.வி.கூடப் பிணக்கம்ணு சொல்லுகா. கோழிக்குத் தீனி போடுகா, முற்றத்தில வெயில் விழுற இடத்தில ஏதோ காகிதத்தோட உக்காந்திருக்கா" என்று அனுப்பினாள்.

நீங்க ஜெபமணி பாட்டியிடம் இருபத்திரண்டு வருடம் பேசவில்லை. என்னிடம் எத்தனை வருடம் என்று மட்டும் எழுதிவிடுங்க.

பிரீனா


இரணியல்
5-11-2025

பிரீனாவுக்கு,

உன் ரெண்டு கடிதாசியும் கிடைச்சது. ஷைஜாகிட்ட வாசிக்கக் கொடுக்கல. காலை ஒன்பது மணிக்கு முற்றத்தில வெயில் நல்லா ஏறும். அப்போ கண்ணுக்குப் பக்கத்தில பிடிச்சா ஒவ்வொரு எழுத்தாத் தெரியும். முதல் கடிதாசிக்கு நாலு நாள் ஆச்சு. இதை எழுதவும் ரெண்டு நாள் ஆகும். வரி ஒண்ணுமேல ஒண்ணு ஏறியிருந்தா நீயே பிரிச்சு வாசி.

கேட்டியா, சொல்லுகேன். போன ஈஸ்டருக்கு முன்னாலேயே மங்கிப்போச்சு. பால்கண்ணாடி வழியாப் பார்க்கிற மாதிரி. உன் மூஞ்சி டி.வி. முழுக்க வந்தா மட்டும், நான் பக்கத்தில போய் நிண்ணா, நீதாண்ணு தெரியும். மூக்கு தெரியும், காதுக்குக் கை போறது தெரியும். அந்த ஒரு நேரம்தான் எனக்கு நீ உண்டு. அதையும் எடுத்த பிறகு, மஞ்சள் உடுப்புப் போட்டு நெட்டையா யார் நிண்ணாலும் நீதாண்ணு வச்சுக்கிட்டேன். ஒரு மாசம் ஸ்டெனிக்காக ஜெபம் பண்ணியிருக்கேன். அவ நல்லா இருக்கட்டும்.

ஸ்டேசனுக்கு வராததுக்கு ஜெபமணி பேரைச் சொன்னேன்லா. அது பாதிதான். அத்தனை பேர் ஏறி இறங்குற இடத்தில, நீ எந்தப் பெட்டியில ஏறினண்ணு தெரியாம வேற யாருக்காவது கையைக் காட்டிட்டு நிப்பேனோண்ணு இருந்தது. கோழிக்கூடு ஏற்கெனவே கழுவினதுதான்.

லிஜிகிட்டச் சொல்லாத. அவ லீவு போட்டு வந்து என்னை அஞ்சுகிராமத்தில ஜெபமணிகிட்டக் கொண்டு விட்டிருவா. ஸ்மைலின் வேலைபார்க்கிற ஆஸ்பத்திரியில ஒரே நாளில புரையை எடுத்து விட்டிருவாவளாம். எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். மண்ணு போடாதவ மகள் கையால என் கண்ணுக்கு மருந்து வேண்டாம்.

நீ மறைச்சதை நான் மறக்கல. பதினேழுக்கு நாலு. அதையும் மறக்கல. பெஞ்சில இருந்தா முதுகை நேரா வச்சு இரு.

அம்மாச்சி


சென்னை
24-11-2025

அன்புள்ள அம்மாச்சிக்கு,

இந்தக் கடிதத்தை ஸ்கெட்ச் பேனாவில் எழுதுகிறேன். ஒன்பது மணி வெயில் வேண்டாம், எட்டு மணி வெயிலே போதும்.

சனிக்கிழமை கடைசி ஆட்டம். நாங்கள் 61, அவர்கள் 62. நாற்பது வினாடி இருந்தது. ஸ்டெனியை ஒருத்தி இடித்துத் தள்ளிவிட்டாள். கணுக்கால் பிசகி அவளால் எழும்ப முடியவில்லை. அடிபட்டவளுக்குப் பதிலாக இறங்குகிறவள்தான் ஃப்ரீ த்ரோ எறிய வேண்டும். கோச் திரும்பிப் பெஞ்சைப் பார்த்தார். "ரெண்டு பந்து இருக்கு. பிரீனா, போ" என்றார்.

பன்னிரண்டு ஆட்டமாக உட்கார்ந்திருந்த கால், மரத்துப்போயிருந்தது. முதல் பந்து வழக்கம்போல வெளியே. பிறகு கேமரா என் முகத்துக்கு வந்தது. அந்தச் சிவப்பு விளக்கு எரிந்தது. காதை ஒரு தடவை இழுத்தேன். உங்களால் பார்க்க முடியாது என்று தெரியும். இருந்தாலும் பழக்கம். இரண்டாவது பந்து உள்ளே போனது. 62க்கு 62. பிறகு கூடுதல் ஐந்து நிமிடத்தில் தோற்றுவிட்டோம். அதற்குள் என்னைத் திரும்பவும் உட்கார வைத்துவிட்டார்கள்.

பத்துப் பேர் பட்டியல் டிசம்பர் கடைசியில் வரும். அதனால் கிறிஸ்துமஸுக்கு வரவில்லை. இங்கேயே பயிற்சி செய்யலாம் என்றிருக்கிறேன். ஸ்டெனி ஊருக்குப் போகிறாள். ஹாஸ்டலில் வேறு சிலர் இருப்பார்கள். எனக்கு ஒரு குறையும் இல்லை. நல்ல சுகமாக இருக்கிறேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி இனி எழுதமாட்டேன். உங்க இஷ்டம்.

உங்கள்
பிரீனா


இரணியல்
13-12-2025

என் பிரீனா மக்களுக்கு,

ஆண்டவர் நல்லவர். எழுத்து நேராப் போறதைப் பார்த்தியா?

உன் கடிதாசியில "ஒரு தடவை இழுத்தேன்" எண்ணு எழுதியிருந்த. ஆட்டம் நல்லா போகுது, கோச்சுக்குத் திருப்திண்ணு எழுதினதும் இதே கைதானே? பார்க்காம இதை எப்படி நம்ப? இப்போ டி.வி.க்குப் பக்கத்தில போய் நிண்ணாலும் மூஞ்சி தெரியாத அளவுக்குக் கண்ணு மங்கிப்போச்சு. வேற யாரையும் கேக்கவும் வழியில்ல. ஷைஜாவுக்கு இந்தக் காதுச் சமாச்சாரம் தெரியாது, தெரியவும் வேண்டாம். மறுநாள் காலையில பஸ் ஏறித் தக்கலைக்குப் போனேன்.

ஸ்மைலின் வாசலிலேயே என்னைக் கண்டுட்டா. கையைப் பிடிச்சா. நான் உதறல, ஏன்னா படி தெரியல. டிசம்பர் மூணாம் தேதி வலதுகண்ணில புரை எடுத்தாவ. ஸ்மைலின்தான் மூணு நேரமும் சொட்டு மருந்து விட்டா. அவ காகிதத்தில பெருசா எழுதிக் காட்டினா: "பெரியம்மா, அண்ணைக்கு எனக்கு ஒன்பது வயசு. அஞ்சுகிராமத்து வீட்டில காய்ச்சல்ல வலிப்பு வந்திருச்சு. அதுக்காகத்தான் அம்மை ஓடினா." நான் கேட்டேன், இதை இருபத்திரண்டு வருசம் கழிச்சா சொல்லுகதுண்ணு. "நீங்க எங்க பெரியம்மா சொல்ல விட்டீங்க?" எண்ணு எழுதினா. ஸ்மைலினைப் பொறுத்தாச்சு. ஜெபமணி சங்கதி பிறகு பார்க்கலாம். வலிப்புண்ணு ஆள்விட்டாவது சொல்லியிருக்கலாம் அவ.

கட்டு அவிழ்த்து நாலாம் நாள் ஷைஜா வீட்டுக்குப் போனேன். முடிஞ்ச ஆட்டத்தை யூட்யூபில திருப்பிப் போடலாம்ணு உனக்குத் தெரியாதா? போடச் சொன்னேன். "எந்த ஆட்டம், கடைசி ஆட்டமா? அதுல நீங்க தோத்துட்டியளே" எண்ணு எழுதிக் காட்டினா. தோத்தது எனக்குத் தெரியும், கடைசி நாற்பது வினாடியைப் போடுண்ணேன்.

பெஞ்சில இருந்து நீ எழும்பி வாறதைப் பார்த்தேன். மெலிஞ்சு போயிருக்க. கழுத்தெலும்பு தெரியுகு. மூக்குத்தியைக் கழற்றிட்ட, அதை எழுதல. முதல் பந்து வெளியே. மூஞ்சி டி.வி. நிறைய வந்தது. காதை ஒரு தடவ இழுத்த. சரிதான்ணு நெனச்சேன். கை கீழே இறங்கிச்சு. விசில் ஊதுறவன் பந்தை உன்கிட்டத் தட்டி விட்டான். பந்தை இடுப்பில இடுக்கிட்டு நேரே பார்த்த. பார்த்துட்டு இன்னொரு தடவ இழுத்த.

ஒன்பது தடவ திருப்பிப் போடச் சொன்னேன். ஷைஜா என்னைப் பார்த்து, கண்ணில தண்ணி வரப்பிடாது, மருந்து போயிரும்ணு கைச்சாடை காட்டினா.

காகிதத்தில ஒண்ணு. காதில ரெண்டு. பார்க்க ஆளில்லண்ணு நெனச்சுத்தானே மக்களே அதை அங்க சொன்ன?

பத்துப் பேர் பட்டியல் வரும்போது வரட்டும். நீ அதில இருந்தாலும் இல்லாட்டாலும் அந்தக் காகிதம் தபாலில வரும். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலை ரயிலில வா. அயினி மரத்து ரிங்கில வலை அறுந்துபோச்சு. உனக்கு அது வேண்டாம்ணா அப்படியே கிடக்கட்டும், வா.

இந்தத் தடவ நான் ஸ்டேசனில நிப்பேன். எந்தப் பெட்டிண்ணு எழுத வேண்டாம். எனக்குத் தெரியும்.

அம்மாச்சி